குருவிக்குத் தொரையின் பெயர்

ஆறுமணிக்குருவி தெரியாத தோட்டம் பசறைப் பக்கம் இல்லை. ஐப்பசி மழை தொடங்கும் நாட்களில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்து இறங்கும். பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு, கட்டை வால். கிளையில் உட்கார்ந்திருப்பதைவிடக் கீழே சருகைப் புரட்டிக்கொண்டு நடப்பதுதான் அதிகம். ஆளைக் கண்டால் தத்தித் தத்திப் புதருக்குள் மறைந்துவிடும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிக்கும். "குருவி கூப்பிட்டிருச்சு, இன்னும் என்ன தூக்கம்?" என்று எங்கள் அம்மாயிமார் அதைச் சொல்லித்தான் எங்களை எழுப்புவார்கள். கடிகாரம் இல்லாத லயத்துக் காம்பராவில் அதுதான் கடிகாரம்.

இந்தக் கட்டுரை அந்தக் குருவியைப் பற்றியது இல்லை. அதைப்போலவே தரையில் நடமாடும், அதைவிடக் கூச்சம் கூடிய இன்னொரு பறவையைப் பற்றியது. அது எங்கிருந்தும் வருவதில்லை. இந்த மலையை விட்டு எங்கும் போவதும் இல்லை. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஆனால் நாங்கள் பசறையிலும் நமுனுகுலைப் பக்கத்திலும் வயசானவர்களிடம் கேட்டுப் பார்த்தபோது ஒருவரும் அதற்கு ஒரு பெயர் சொல்லவில்லை. விஞ்ஞானம் வைத்த பெயர் இருக்கிறது. அது ஒரு கோப்பித் தோட்டத்துத் தொரையின் பெயர்.

ஒரு குருவிக்கு யார் பெயர் வைத்தால் என்ன என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். தேடித் தேடிப் போனபோது அந்தப் பெயருக்குப் பின்னால் எங்கள் மலைகளின் சரித்திரம் முழுக்க நின்றது.

யார் இந்தக் குருவி?

ஆங்கிலத்தில் இலங்கை விசிலிங் திரஷ் என்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் இதன் சொந்தக்காரப் பறவையைத் தமிழ்நாட்டில் சீகாரப் பூங்குருவி என்பார்கள். ஆகவே நாங்கள் இதை இலங்கைச் சீகாரப் பூங்குருவி என்று எழுதுகிறோம். சுமார் 20 சென்ரிமீற்றர் நீளம். ஆண் கறுப்பில் நீலம் ஓடிய நிறம், பெண் தவிட்டு நிறம். இரண்டுக்கும் தோளில் பளீரென்று ஒரு நீலப் பொட்டு. காட்டு நிழலில் அந்த நீலமும் கண்ணில் படாது.

இது வாழும் இடம்தான் முக்கியம். ஏறத்தாழ 900 மீற்றருக்கு மேலே, அடர்ந்த காட்டுக்குள், பாறை இடுக்கில் வேகமாக ஓடும் ஓடைக்கரை. ஈரப் பாறையிலும் பாசியிலும் பூச்சி தேடும். சின்னத் தவளை, பல்லி, காட்டுப் பழம் எல்லாம் சாப்பிடும். ஓடைக்குப் பக்கத்துப் பாறை விளிம்பிலோ மரக்கவட்டிலோ பாசியால் கிண்ணம்போலக் கூடு கட்டி ஒன்று அல்லது இரண்டு முட்டைதான் இடும். வெளிச்சம் வருவதற்கு முன்னும் இருட்டுவதற்கு முன்னும் கொஞ்ச நேரம் மெல்லிசாக, ஊசி மாதிரி ஒரு விசில் கேட்கும். தண்ணீர்ச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு கேட்கும் சத்தம் அது. பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சத்தத்தோடு சரி. ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

இந்தக் குருவிக்கு மூன்று சாமான் வேண்டும்: மலை, காடு, ஓடை. மூன்றில் ஒன்று போனாலும் அது இல்லை. மலையைத் தவிர மற்ற இரண்டையும் கடந்த 200 வருஷத்தில் என்ன செய்தோம் என்பதுதான் ஊவாவின் கதை.

கெட்டன் தோட்டத்துப் பிளை

குருவியின் விஞ்ஞானப் பெயர் மயோபோனஸ் பிளையி. அந்தப் பிளை, சாமுவேல் பிளை. அப்புத்தளை மலைத்தொடரில் ஹல்துமுல்லைப் பக்கம் கெட்டன் தோட்டத்தில் இருந்த கோப்பித் தொரை. பறவைப் பித்துப் பிடித்த ஆள். தோட்ட வேலை போக மிச்ச நேரமெல்லாம் காட்டுக்குள்ளேதான். பறவைகளின் கூடு, முட்டை, பழக்கவழக்கம் என்று குறிப்பு எழுதி எழுதி வைத்தார்.

அந்தக் குறிப்புகள் வீண்போகவில்லை. வின்சென்ட் லெக் என்ற பீரங்கிப் படை அதிகாரி 1878 முதல் 1880 வரை இலங்கைப் பறவைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று வெளியிட்டார். அதில் ஊவாப் பக்கத்துச் செய்தி வரும் இடமெல்லாம் பிளையின் பெயரும் வரும். நாங்கள் அந்தப் புத்தகத்தின் ஸ்கேன் பிரதியைப் போனில் இறக்கி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்க என்று சில ஞாயிற்றுக்கிழமைகளை அதிலேயே கழித்தோம். எங்கள் ஊர்ப் பெயர்களை 140 வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலில் பார்ப்பது ஒரு தனி அனுபவம்.

பிளை கண்ட புதுக்குருவிக்கு 1872இல் பெயர் வைத்தவர் எட்மண்ட் ஹோல்ட்ஸ்வர்த். லண்டன் விலங்கியல் சங்கத்தின் இதழில் அவர் இலங்கைப் பறவைகளின் பட்டியலை வெளியிட்டபோது, இதற்கு அரெங்கா பிளையி என்று பெயரிட்டார். பிறகு பேரினத்தின் பெயர் மயோபோனஸ் என்று மாறியது, பிளை மட்டும் நின்றுவிட்டார். பழைய "அரெங்கா"வும் முழுசாகப் போகவில்லை. சிங்களத்தில் இந்தக் குருவியை இன்று அரங்கயா என்கிறார்கள். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் பாதையில் பறவை பார்ப்பவர்கள் விடியற்காலையில் போய் நிற்கும் ஒரு குளத்துக்கும் அரெங்கா குளம் என்றே பெயர்.

ஹோல்ட்ஸ்வர்த் இலங்கைக்கு வந்தது குருவிக்காக அல்ல. மன்னார்க் கரையில் முத்துச்சிப்பிகளை ஆராயத்தான் வந்தார். இருந்தது அரிப்புவில். எங்கள் முன்னோர்கள் இராமேஸ்வரக் கரையிலிருந்து தோணியேறி வந்து இறங்கியதும் அதே மன்னார்க் கரைதான். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்துச் சனங்கள் கங்காணியின் பின்னால் வரிசையாக, வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பாதையோரத்திலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கரையில் வந்திறங்கிய ஒவ்வொரு பறவையையும் ஹோல்ட்ஸ்வர்த் பெயர், திகதியோடு எழுதிவைத்தார். அது அவருடைய வேலை, அதை ஒழுங்காகச் செய்தார். அதே கரையில் வந்திறங்கிய மனுசரின் பெயர்களை அந்தக் கவனத்தோடு எழுதிவைக்க யாருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை.

காடு எப்படித் தோட்டமானது?

1817, 1818 ஊவாக் கிளர்ச்சியை வெள்ளைக்காரன் அடக்கிய விதம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஊரும் வயலும் எரிந்தது. அதற்கு 22 வருஷம் கழித்து வந்த ஒரு சட்டம் காட்டை எடுத்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, பயிர் செய்யாத நிலம் எதுவானாலும், வேறொருவருக்குச் சொந்தம் என்று நிரூபிக்கும்வரை அது முடிக்குரியது என்றது. சேனை போட்ட காடு, தேன் எடுத்த காடு, மாடு மேய்ந்த காடு எதற்கும் ஊராரிடம் உறுதி இல்லை. இப்படி முடிக்குப் போன நிலம் ஏக்கர் கணக்கில் தோட்டக்காரர்களுக்கு விற்பனையானது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தார்கள்.

பிறகு வெட்டு தொடங்கியது. அந்தக் காலத் தோட்டக்காரர்கள் எழுதிவைத்த விவரத்தைப் படித்தால் உடம்பு சிலிர்க்கும். சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டிவிட்டு மேலே போவார்கள். உச்சிக்குப் போனதும் மேல்வரிசை மரங்களை முழுசாக வெட்டிச் சாய்ப்பார்கள். அது கீழே உள்ளதை அடிக்க, அது அதற்குக் கீழே உள்ளதை அடிக்க, ஒரு மலைச்சரிவே ஒரே சத்தத்தில் படுத்துவிடும். சில கிழமை வெயிலில் காயவிட்டு நெருப்பு வைப்பார்கள். சாம்பலுக்கு மேலே கயிறு பிடித்துக் குழி வெட்டிக் கோப்பிக் கன்று நடுவார்கள்.

"தோட்டக்காட்டு ஆளுங்க வந்துதான் மலைநாட்டுக் காட்டை அழிச்சாங்க" என்ற பேச்சு ஒன்று உண்டு. எங்களில் பலர் அதைப் பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் கேட்டிருக்கிறோம். உண்மையில் ஆரம்பக் காலத்தில் கோடாலி வேலை பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர்களுக்குத்தான் ஒப்பந்தத்தில் போனது. அதற்குப் பின்வரும் குழி வெட்டு, கன்று நடல், புல் வெட்டு, பழம் பறிப்பு எல்லாம் தமிழ்த் தொழிலாளிகளுடையது. இதைச் சொல்வது பழியை அந்தப் பக்கம் தள்ள அல்ல. கோடாலி பிடித்த கிராமத்தவருக்கும் மண்வெட்டி பிடித்த எங்கள் ஆளுக்கும் அன்றைய கூலிதான் மிச்சம். எந்த மலையை வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, யாருக்கு விற்பது என்று தீர்மானித்தவர் கையில் கோடாலி இல்லை, கடதாசி இருந்தது.

கோப்பிக்கு உகந்த உயரம் சுமாராக 2,500 அடிக்கும் 4,500 அடிக்கும் இடையில். எங்கள் குருவியின் நாட்டில் கீழ்ப்பாதி அப்படியே அதற்குள் வருகிறது. 1870களின் இறுதியில் கோப்பி ஏறத்தாழ 275,000 ஏக்கரைப் பிடித்திருந்தது. பிளை தன் குருவியைக் கண்ட காலம் அந்த வெட்டின் உச்சக் காலம். அவரால் அந்தக் காட்டுக்குள் போக முடிந்ததே தோட்டப் பாதை அதுவரை போனதால்தான். குருவியை உலகத்துக்குக் காட்டிய பாதையும் அதன் காட்டைத் தின்ற பாதையும் ஒன்றே.

இதனால் பிளையைக் கெட்டவர் என்று சொல்கிறோமா? இல்லை. அவர் இல்லாவிட்டால் அந்தக் குருவியின் பழக்கம் பலகாலம் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரே ஆள் ஒரு காட்டை நேசிக்கவும் முடியும், அதே காட்டின் வருமானத்தில் வாழவும் முடியும். எங்கள் சரித்திரத்தில் இதை இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மடுல்சீமையில் ஒரு தூசி

குருவிக்குப் பெயர் வைப்பதற்கு மூன்று வருஷம் முன்னால், 1869இல், பசறைக்கு அடுத்த மடுல்சீமையில் சில கோப்பிச் செடிகளின் இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத் தூசி கண்டது. பேராதனைத் தாவரத் தோட்டத்தில் இருந்த த்வெயிட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்ப, மைல்ஸ் பெர்க்லி ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் பாழாக்குபவள். பெயர் பலித்தது. சில வருஷத்தில் தீவின் கோப்பி முழுக்கப் பரவியது. 1880இல் ஆராய வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி, இடையில் தடுப்பே இல்லாமல் மலைக்கு மலை ஒரே பயிராக இருப்பதும் அந்த நோய் காற்றில் பரவ வழிவிட்டது என்று கண்டார். கோப்பிக்கும் கோப்பிக்கும் நடுவில் காட்டுப் பட்டைகளை நிற்க விட்டிருந்தால் தூசி அவ்வளவு சுலபமாகத் தாண்டியிருக்காது.

அதாவது, குருவியின் வீட்டை எடுத்ததே கோப்பிக்கும் வினையாக முடிந்தது. 1880களில் கோப்பித் தோட்டங்கள் முறிந்து விழுந்தன. கூலி பாக்கியோடு பலர் ஊருக்குத் திரும்பினார்கள். பிறகு வந்தது தேயிலை. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து. வந்து போய்க்கொண்டிருந்த சனம் லயத்தில் நிரந்தரமாகக் குடியேறியது அப்போதுதான். தேயிலை இன்னும் மேலே ஏறக்கூடிய பயிர். ஆகவே காட்டின் மேல்பாதிக்கும் கத்தி வந்தது.

அங்கேதான் ஒரு கோடு விழுந்தது. 1873இல், குருவிக்குப் பெயர் வைத்த அடுத்த வருஷம், லண்டன் கியூ தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டை இனி வெட்டக் கூடாது என்று ஆலோசனை சொன்னார். மலைமுகட்டுக் காடு போனால் ஆற்று நீர் போகும் என்பது காரணம். அந்தக் கோடு குருவிக்காகப் போட்டது அல்ல. அதற்கு முன்பே விற்ற நிலம் விற்றதுதான். ஆனாலும் ஹோர்ட்டன் சமவெளி போன்ற மேட்டுக் காடுகள் தப்பியதற்கு அது பெரிய காரணம். ஹோர்ட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமானது, 1988இல் தேசியப் பூங்காவானது. சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலையோடு சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. இன்று சீகாரப் பூங்குருவி பிழைத்திருப்பது பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு மேலேதான். கீழே ஆங்காங்கே ஓடைக்கரையில் மிஞ்சிய துண்டுக் காடுகளில் கொஞ்சம். உலகளவில் அது அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

ஆபிரிக்காவில் ஒரு பங்காளி

இதே கதை வேறு எங்காவது நடந்திருக்கிறதா என்று தேடினோம். ஆபிரிக்காவின் மழைக்காடுகளில் அலித்தே என்று ஒரு கூட்டம் பறவைகள் உண்டு. இவையும் தரையில்தான், இவையும் மகாக் கூச்சம். படையெடுத்துப் போகும் எறும்புக் கூட்டத்துக்கு முன்னால் ஓடுவதும், எறும்புக்குப் பயந்து சருகிலிருந்து கிளம்பும் பூச்சிகளைப் பிடிப்பதும் இவற்றின் பிழைப்பு. இவற்றையும் எங்கள் குருவியையும் ஒரு காலத்தில் திரஷ் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது இரண்டும் ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு மாறிவிட்டன. பங்காளிகள் என்றே சொல்லலாம்.

டான்சானியாவின் மலைக்காடுகளில் இருக்கும் வெள்ளைமார்பு அலித்தேக்கும் விஞ்ஞானப் பெயர் ஒரு வெள்ளைக்காரருடையது: ஃபுல்லபோர்ன், ஜெர்மன் காலனிப் படையில் வைத்தியராக இருந்தவர். பெயர் வந்த வருஷம் 1900. அங்கே கிழக்கு உசம்பரா மலையில் காட்டைத் துண்டு துண்டாக்கியது எது என்று நினைக்கிறீர்கள்? அங்கேயும் தேயிலைத் தோட்டம்தான். வில்லியம் நியூமார்க் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் அந்தத் துண்டுக் காடுகளில் பல பத்து வருஷமாக வலைகட்டிக் கீழ்க்காட்டுப் பறவைகளைப் பிடித்து, வளையமிட்டு விட்டுக் கணக்கெடுத்தார்கள். துண்டு எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்குக் கூச்சப் பறவைகள் முதலில் காணாமல் போகின்றன. வெளியில் பார்க்க மரம் நிற்கும், பச்சையாகத்தான் இருக்கும். உள்ளே தரைக்குருவி இருக்காது. தேயிலை வெளி நமக்கு ஐந்து நிமிஷ நடை. வெளிச்சத்துக்கே வராத ஒரு குருவிக்கு அது கடல் மாதிரி. அங்கே சொல்லப்படும் தீர்வு லேசானது: துண்டையும் துண்டையும் ஒரு காட்டுப் பட்டையால் இணையுங்கள்.

எங்கள் மலையில் அந்தப் பட்டைக்கு இயற்கையே இடம் குறித்து வைத்திருக்கிறது. அதுதான் ஓடைக்கரை.

மண் சரியும் இடம்

இங்கே கதை குருவியை விட்டு எங்களிடம் வருகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை அப்படியே மூடியது. பிளை இருந்த அதே ஹல்துமுல்லைப் பிரதேசம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதால் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. மழை, மண்ணின் தன்மை, பராமரிக்காத வடிகால் எல்லாம் சேர்ந்து நடந்தது. காடு நின்றிருந்தால் நடந்திருக்காது என்று ஒரே வார்த்தையில் முடிக்க நாங்கள் நிபுணர்கள் இல்லை. ஆனால் செங்குத்துச் சரிவில் ஆழமான வேர் போய், தண்ணீர் ஓடும் பாதையை மறித்து, அதற்குக் கீழே லயம் கட்டிய தீர்மானம் எங்கே தொடங்கியது என்பதை மேலே சொன்ன சரித்திரம் காட்டுகிறது. லயம் எங்கே கட்டுவது என்று எங்கள் பாட்டன்மாரிடம் யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் "காட்டைக் காப்பாத்துங்க" என்ற பேச்சைக் கேட்கும்போது எங்களுக்கு இரண்டு மனசு. காடு வேண்டும். ஆனால் அந்தப் பேச்சு தோட்டத்துக்குள் வந்தால் முதலில் பிடிபடுவது தலையில் விறகுக்கட்டோடு வரும் ஒரு பொம்பளைதான். கேஸ் வாங்கச் சம்பளம் காணாது, சமைக்க வேண்டும், விறகு வேண்டும். ஒரு மலையையே சாய்த்தவர்களின் பெயர் தோட்டத்துக்கும் குருவிக்கும் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டு சுள்ளி எடுத்தவளின் பெயர் காவல்காரரின் புத்தகத்தில் எழுதப்படுகிறது.

பாதுகாப்பான இடத்தில் எங்கள் சனத்துக்குக் காணியும் வீடும், ஆபத்தான சரிவுக்கும் ஓடைக்கரைக்கும் திரும்பக் காடு. இரண்டையும் வேறு வேறு கோரிக்கையாக எழுதி வேறு வேறு அலுவலகத்துக்கு அனுப்புகிறோம். எங்களுக்கு இவை ஒரே வரைபடத்தில் இருப்பதாகத்தான் தெரிகிறது. லயம் இருக்கக் கூடாத இடமும் குருவிக்கு வேண்டிய இடமும் அனேகமாக ஒன்றே.

யார் இந்த மண்ணுக்குரியவர்?

இந்தக் குருவியைப் பற்றி எழுதும் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: இந்நாட்டுக்கே உரிய பறவை. சரிதான். ஆனால் மயோபோனஸ் பேரினத்தின் மற்ற உறவுகளைப் பாருங்கள். தென்னிந்தியா, இமயம், தாய்வான், சுமாத்ரா, ஜாவா, போர்னியோ என்று பரந்து கிடக்கின்றன. கடல் மட்டம் தாழ்ந்திருந்த யுகங்களில் இலங்கையும் இந்தியாவும் ஒரே தரை. இதன் மூதாதையும் ஏதோ ஒரு காலத்தில் அப்படி வந்த ஒன்றாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. வந்து, தங்கி, இந்த மலைக்கே உரியதாகிவிட்டது. வந்த நாள் எதுவென்று யாரும் அதனிடம் கேட்பதில்லை.

எங்களிடம் கேட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது. எங்கள் சனத்தில் மிகப் பெரும்பாலானோர் ஒரே சட்டத்தில் நாடில்லாதவர்களானார்கள். 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். பசறை மலைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்டு வந்த கதையைச் சொல்லும்போது எங்கள் தாத்தாமார் இன்றைக்கும் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

மனுசனும் குருவியும் ஒன்றல்ல. குருவிக்கு வாக்கு இல்லை, சட்டம் இல்லை. அதனால் இந்த ஒப்பீட்டை ஒரு எல்லைக்கு மேலே இழுக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் "உரியவர்" என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பதை இயற்கையிடமிருந்து படிக்க விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது: ஒரு உயிர் ஓரிடத்துக்கு உரியதாவது அங்கேயே தோன்றியதால் மட்டும் அல்ல. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து, அந்த இடத்தோடு சேர்ந்து மாறியதாலும்தான்.

பெயரை என்ன செய்வது?

அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023இல், மனிதர்களின் பெயரைத் தாங்கிய ஆங்கிலப் பறவைப் பெயர்களை மாற்றப்போவதாக அறிவித்தது. அது பெரிய விவாதமானது. இந்தக் குருவியின் ஆங்கிலப் பெயரில் பிளை இல்லை, விஞ்ஞானப் பெயரில் மட்டும்தான். அதை மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. பிளை அந்தக் குருவியைக் கண்டவர், அது பொய்யில்லை. அந்தப் பெயர் இருக்கட்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அது எந்தக் காலத்தில், எந்தத் தோட்டத்தில், எப்படிப்பட்ட மலையில் வந்த பெயர் என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

எங்கள் வேலை வேறு. லெக் தன் புத்தகத்தில் பல பறவைகளுக்குச் சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் கேட்டு எழுதியிருக்கிறார். 140 வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்கார அதிகாரி கேட்ட கேள்வியை நாங்கள் எங்கள் வீட்டிலேயே கேட்காமல் இருக்கிறோம். ஆறுமணிக்குருவி என்ற பெயரில் ஒரு சனத்தின் விடியலும் அந்தியும் இருக்கிறது. அந்த மாதிரி இன்னும் எத்தனை பெயர் அம்மாயிமாரோடு போய்க்கொண்டிருக்கிறது?

போன மாசி மாதம் நாங்கள் ஆறு பேர் விடியற்காலையில் அரெங்கா குளத்தடியில் போய் நின்றோம். நல்ல பனி, கை விறைத்துப் போனது. 5:50 மணியளவில் தண்ணீர்ப் பக்கமிருந்து மெல்லிசாக ஒரு விசில். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. கொஞ்ச நேரத்தில் முதல் வான் ஒன்று லைட் போட்டுக்கொண்டு வந்தது, சத்தம் நின்றுவிட்டது. குருவியை நாங்கள் பார்க்கவில்லை. திரும்பி வந்து அந்தச் சத்தத்தைப் போனில் போட்டுக் காட்டியபோது, நமுனுகுலைப் பக்கத்து ஒரு பாட்டி கண்ணை மூடிக் கேட்டார். "இது பீலிக்கு மேல காட்டுல கேக்கும்டா, சின்ன வயசுல. இப்ப கேட்டு எத்தன வருசம்" என்றார். பெயர் ஞாபகம் இல்லை என்றார்.

உங்கள் தோட்டத்தில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். சொன்னவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.